இரும்பு தோசைக்கல்லும் கடாயும்: சில வருடம் புழங்கிய பிறகு

வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், காலை ஏழரைக்குள் பிள்ளைகளுக்கு டப்பா கட்டியாக வேண்டும். இப்படிப்பட்ட வீட்டுக்கு இரும்புப் பாத்திரம் ஒத்து வருமா என்று கேட்டால், தோசைக்கல்லுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சரி என்பேன். கடாய்க்குக் கொஞ்சம் யோசிக்கணும்.

நான்ஸ்டிக்கை விட்டதற்குப் பயத்தை விட எரிச்சல்தான் காரணம். எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்தாலும் ஒன்றிரண்டு வருடத்தில் பூச்சு உரிந்துவிடும், காயலான் கடையில் கூட மதிக்க மாட்டார்கள், தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது வாங்க வேண்டும். "நான்ஸ்டிக்னா கேன்சர்" என்று ஒரே போடாகப் போடுவதும் சரியில்லை. முன்பு அந்தப் பூச்சைத் தயாரிப்பதில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்தைத்தான் 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பட்டியலில் சேர்த்தது. இப்போது பல பெட்டிகளில் அது இல்லை என்றே அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும். வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டுப் பிள்ளைக்குத் தலை பின்னப் போகிற வீட்டில் அந்தச் சூடு வர ரொம்ப நேரம் ஆகாது.

தோசைக்கல்லைப் பழக்குவதுதான் பலருக்கும் மலைப்பு. புதுக்கல்லில் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, வடிகஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, கஞ்சியைத் தினம் மாற்றி, அப்புறம் துடைத்து நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தைக் கறுக வதக்கிக் கொட்டிவிட வேண்டும். முதல் சில தோசைகள் பிய்ந்துதான் வரும், உப்புமா மாதிரி சுரண்டிச் சாப்பிட வேண்டியதுதான். பழகிவிட்டால் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு தேய்ப்பு, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓட வேண்டும், மாவை ஊற்றலாம். ஓரம் தானாக மேலே எழும்பும். சப்பாத்திக்கு மட்டும் வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள், அதே கல்லில் போட்டால் மறுநாள் தோசை வராமல் அடம் பிடிக்கும்.

கடாய் விஷயம் வேறு. உருளைக்கிழங்கு வறுவல், வெண்டைக்காய், கறி சுக்கா எல்லாம் இதில் வருகிற ருசி எவர்சில்வரில் வராது. வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுத்துப் போகும், கெடுதல் இல்லை, ஆனால் டப்பாவைத் திறந்ததும் பிள்ளைகள் மூஞ்சியைச் சுளிக்கும். புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு வைக்கவே வேண்டாம். புளிப்பு இரும்பைக் கரைக்கும், பழக்கிய பதமும் போகும், குழம்பில் இரும்பு வாடை வரும். அதற்கு மண்சட்டி இருக்கிறது.

கரைகிற இரும்பு உடம்புக்கு நல்லதுதானே என்றால், ஓரளவுக்கு ஆமாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் கடாய் வாங்கிவிட்டோம் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். தலசீமியா போல உடம்பில் இரும்பு சேருகிற பிரச்சினை உள்ளவர்கள் கேட்டுவிட்டே வாங்கவும்.

உண்மையான தொல்லை சமைப்பதில் இல்லை, சிங்க்கில்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி ஈரத்தோடு கிடந்தால் காலையில் செங்கல் நிறத்தில் துரு நிற்கும். எங்கள் வீட்டில் யார் சமைத்தாலும், சூடு ஆறுவதற்குள் பொரியலை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பிலேயே காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட வேண்டும், சிங்க்குக்குப் போகவே கூடாது என்று சட்டம். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது நடக்காத வீட்டில் கடாய் வேண்டாம், கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பா, தகடா என்று கேட்பவர்களுக்கு: வார்ப்பு சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், கடைசி தோசைக்கு அடுப்பை முன்னாலேயே அணைத்துவிடலாம். ஆனால் கனம், கீழே விழுந்தால் உடையும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்குத் தகட்டு இரும்பே போதும். கண்ணாடி அடுப்பு என்றால் எதுவானாலும் இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறல் விழும்.