மிளகை உடனே விற்பதா, இருப்பு வைப்பதா?

பதுளை வீதியால் மட்டக்களப்பின் செங்கலடிக்கு இறங்கும் மிளகை வாங்குகிறவருக்கு இரண்டு வழி. கையோடு கொழும்புக்கு ஏற்றிவிட்டுக் கிலோவுக்குச் சிறு லாபம் பார்க்கலாம். அல்லது திரும்பக் காயவைத்து மூட்டை கட்டி, விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். நடு ஆண்டில் வரும் சரக்கென்றால் நான் இருப்பு வைக்கும் பக்கம். மாரியோடு வருவதை வந்த கையோடு விற்றுவிட வேண்டும்.

உடனே விற்றால் முதல் முடங்காது, வட்டி ஏறாது, களஞ்சியமும் தேவையில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கும்போது விலையைச் சொல்கிறவர் வாங்குகிறவர்தான்.

இருப்பு வைக்கலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் மிளகுக் கொடியின் சுபாவம். நெல்லென்றால் விலையைப் பார்த்து அடுத்த போகத்திலேயே கூட்டிக் குறைத்து விதைக்கலாம். மிளகுக் கொடி நட்டு மூன்று வருஷமாவது போனால்தான் காய்க்கும். 2015இல் விலை உச்சத்தில் நின்றபோது வியட்நாமில் கண்டபடி நட்டார்கள். அந்தக் கொடிகள் காய்த்ததும் சந்தை நிரம்பி, 2020இல் விலை மூன்றிலொரு பங்குக்கும் கீழே போனது. பிறகு அங்குள்ள விவசாயிகள் துரியானுக்கும் கோப்பிக்கும் மாறினார்கள், வரத்துக் குறைந்தது, 2024இல் விலை பாய்ந்தது. ஏற்றமும் இறக்கமும் இப்படி வருஷக்கணக்கில் நீளும். ஏறுமுகமான வருஷத்தில் நாலு மாதம் வைத்திருப்பது துணிந்து செய்யக்கூடியது. இறங்குமுகத்தில் ஒரு கிழமைகூட வைக்கக் கூடாது.

வியட்நாம் விலையை மட்டும் பார்ப்பதும் பிழை. நமது மிளகில் காரத்தைக் கொடுக்கும் பைப்பரின் கூட என்பதால் சாறு எடுக்கும் இந்திய ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் வருஷத்துக்கு 2,500 தொன் தீர்வையில்லாமல் அங்கே போகலாம். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபா என்று ஆகக்குறைந்த இறக்குமதி விலையும் வைத்தது, அதாவது அதற்குக் கீழான விலைக்கு அங்கே இறக்க முடியாது. டெல்லியில் ஒரு விதி மாறினாலும் இங்கே விலை ஆடும்.

இவ்வளவையும் சரியாகக் கணித்தவரையும் ஈரம் கவிழ்த்துவிடும். 16 வீத ஈரப்பதனில் 100 கிலோ வாங்கி 12 வீதத்துக்குக் காயவைத்தால் கையில் நிற்பது 95.5 கிலோதான். அதாவது விலை ஏறக்குறைய 5 வீதம் ஏறினால்தான் போட்ட காசே திரும்பும். காயவைக்காமல் அப்படியே கட்டினால் பூசணம் பிடித்து முழு மூட்டையும் கழிவாகும்.

ஆனி, ஆடியில் வறண்டு அடிக்கும் கச்சான் காற்று காயவைக்க இங்கே நமக்குக் கிடைத்த பெரிய வசதி. சாணி மெழுகிய தரையிலோ தார் ரோட்டிலோ போடாமல், கழுவிய படங்கில் ஓர் அங்குலத்துக்கு மேல் தடிக்காமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று உடைந்து உள்ளே மாவாக இருந்தால் காய்ந்தது, பல்லில் நசிந்தால் இன்னும் வெயில் வேண்டும். மாலையில் சூட்டோடு கட்டினால் மூட்டைக்குள் வேர்க்கும். நிழலில் ஆறவிட்டு, சுளகில் புடைத்துச் சக்கையையும் காம்பையும் நீக்கி, உள்ளே பொலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டி, சுவரில் முட்டாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

வாங்கும்போதே ஒரு லீற்றர் பேணியில் தலைதட்டி நிரப்பி நிறுத்துப் பார்க்க வேண்டும். ஏற்றுமதிச் சந்தையில் 500 கிராம், 550 கிராம் என்று லீற்றர் எடையை வைத்துத்தான் தரம் பேசுவார்கள். எடை குறைந்த பிஞ்சு மிளகுக்கு வாங்குகிறவர் வேறு, விலையும் வேறு. அதை இருப்புக்கு எடுக்க வேண்டாம்.

வெள்ளை மிளகாக்கி வைப்பதைச் சிலர் கேட்கிறார்கள். 100 கிலோ பழுத்த மிளகில் கறுப்பென்றால் 33 கிலோவளவில் தேறும், வெள்ளையென்றால் 25 கிலோதான். ஒரு கிழமைக்கு மேல் ஊறவைக்க ஓடும் நல்ல தண்ணீரும் வேண்டும். கச்சான் காலத்தில் நம் கிணறுகள் இருக்கும் நிலையில் அது தோதாகத் தெரியவில்லை.

ஐப்பசி நடுப்பகுதிக்குள் இருப்பை விற்று முடிக்கப் பாருங்கள். வாடைக் காற்றும் மழையும் தொடங்கினால் நன்றாகக் காய்ந்த மிளகும் ஈரத்தை இழுக்கும், திரும்பக் காயவைக்க வெயில் இருக்காது. அதையும் தாண்டி மூட்டை தங்கிவிட்டால் கிழமைக்கு ஒரு தரம் அவிழ்த்து, கையை நடுவரை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடு தெரிந்தால் அன்றைக்கே கொட்டிப் பரப்ப வேண்டும்.