கெட்நேம்இன்ஃபோ: 11 ஆண்டுப் பழக்கமும் 20 விநாடிக் காத்திருப்பும்

வியாசர்பாடியிலிருந்து தம்பி ஒருவர் போன வாரம் அழைத்தார். "அண்ணா, யார் வந்து இணைந்தார்கள் என்று பதிவேட்டில் பெயரோடு எழுத வேண்டும். கெட்நேம்இன்ஃபோவையே பயன்படுத்தலாமா?" என்றார். கெட்நேம்இன்ஃபோ என்பது கணினியின் முகவரி எண்ணைக் கொடுத்தால் அதன் பெயரைத் தேடித் தரும் சி மொழிச் செயற்கூறு. அவர் அழைப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் அதே செயற்கூறு எங்கள் அலுவலகத்தை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தது. அந்தச் சூட்டில் பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்று, யோசித்து எழுதுகிறேன் என்றேன். யோசித்த பிறகும் சூடு முழுக்கத் தணியவில்லை.

மண்ணடியில் சுங்க ஆவணங்களைப் பார்க்கும் ஒரு சிறிய அலுவலகம் எங்களுடையது. ஆவணக் கோப்புகளைத் தரும் சர்வர் நிரலை 11 ஆண்டுகளுக்கு முன் சி மொழியில் நான்தான் எழுதினேன். ஒரு கணினி வந்து இணைந்ததும் அதன் சாக்கெட் முகவரியை, அதாவது முகவரி எண்ணையும் போர்ட் எண்ணையும், கெட்நேம்இன்ஃபோவிடம் கொடுப்பேன். கணினியின் பெயரும் சேவையின் பெயரும் எழுத்தாகத் திரும்பி வரும். வாசலருகே உள்ள திரையில் அந்தப் பெயர்கள் ஓடும்.

முதலில் அதற்கு உரிய மரியாதை. இதே வேலைக்கு முன்பிருந்த கெட்ஹோஸ்ட்பைஅட்ரஸ் என்ற செயற்கூறு விடையை ஒரே பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகும். ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் கேட்டால் ஒன்றின் விடையை மற்றது அழித்துவிடும். இது அப்படியல்ல, நாம் கொடுக்கும் இடத்தில்தான் எழுதும். இணைய இணைப்பு தருபவர் ஐபிவி6 என்ற புதிய வகை நீள முகவரிகளைக் கொடுக்கத் தொடங்கியபோது என் நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் லிங்க் லோக்கல் முகவரியாக இருந்தால் கடைசியில் % குறியிட்டு எந்த நெட்வொர்க் கார்டு வழியாக வந்தது என்பதையும் சேர்த்துத் தரும். முதன்முதலாக அதைத் திரையில் பார்த்தபோது, இதை வடிவமைத்தவர்களின் கவனத்தை நினைத்து மனம் நிறைந்துபோனது.

சேவைப் பெயரில் மட்டும் ஒரு முறை நன்றாகப் பயந்திருக்கிறேன். ரவுட்டர் அனுப்பும் பதிவுச் செய்திகளை வாங்க 514 என்ற போர்ட்டைத் திறந்து வைத்திருந்தேன். போர்ட் என்பது ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவெண்; அதை வைத்துத்தான் சேவையின் பெயர் வரும். இரவு பத்து மணிக்கு மேல் பதிவேட்டைப் புரட்டினால் வரிக்கு வரி 'ஷெல்' என்று இருக்கிறது. கடவுச்சொல் கேட்காமலே கட்டளை ஏற்கும் பழைய ஆர்எஸ்ஹெச் சேவையின் பெயர் அது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். பிறகுதான் விளங்கியது: டிசிபி, யுடிபி என்று தகவல் அனுப்பும் முறைகள் இரண்டு. 514 டிசிபி என்றால் ஷெல், 514 யுடிபி என்றால் பதிவுச் செய்திகளுக்கான சிஸ்லாக். ஒரே கதவெண்ணில் இரண்டு கடைகள். நாம் சொல்லாவிட்டால் கெட்நேம்இன்ஃபோ டிசிபி என்றே எடுத்துக்கொள்ளும். யுடிபி என்றால் என்ஐ_டிகிராம் என்ற ஃபிளாக்கை, அதாவது விருப்பக் குறியை, கொடுக்க வேண்டும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. இதற்காக அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் அந்த 20 விநாடிக்காகத்தான்.

அன்று தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது இணைய கேபிள் அறுந்துவிட்டது. வெளி இணையம் இல்லை, சரி. ஆனால் அடுத்த மேசையில் இருக்கும் கணினியிலிருந்து பக்கத்து அறையில் இருக்கும் சர்வரின் கோப்பைத் திறக்கவும் முடியவில்லை. துறைமுக வாசலில் கண்டெய்னர் லாரி நிற்கிறது, ஓட்டுநர் விடாமல் அழைக்கிறார், ஆவணமோ திரையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சர்வர் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். நானும் முதலில் வன்தட்டைத்தான் சந்தேகித்தேன்.

காரணம் இதுதான். பழைய 9 கணினிகளின் பெயர்களைச் சர்வரிலேயே உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் முகவரியோடு எழுதி வைத்திருந்தேன். பின்னால் வந்த மடிக்கணினிகளும் கைப்பேசிகளும் அதில் இல்லை. 192.168 என்று தொடங்கும் அவற்றின் உள் நெட்வொர்க் முகவரிகளுக்குப் பெயர் கேட்டு ஒவ்வொரு முறையும் வெளியில் உள்ள, பெயர்-முகவரி விவரம் தரும் டிஎன்எஸ் சர்வருக்குக் கேள்வி போய்க்கொண்டிருந்தது. இணைப்பு நன்றாக இருந்த நாள்களில் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று உடனே பதில் வந்துவிடும். கெட்நேம்இன்ஃபோவும் பெயருக்குப் பதில் எண்ணையே கொடுத்துவிடும். அதனால் ஆண்டுக்கணக்கில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேபிள் அறுந்ததும் பதிலே இல்லை. லினக்ஸில் ஒரு டிஎன்எஸ் சர்வருக்கு 5 விநாடி காத்திருப்பு, இரண்டு சுற்று முயற்சி; எங்கள் அமைப்பில் இரண்டு சர்வர்கள். ஆக 20 விநாடி. என் நிரல் ஒருவருக்குப் பெயர் தேடி முடித்த பிறகே அடுத்தவரைக் கவனிக்கும். ஒரு கைப்பேசி வந்து நின்றால் அலுவலகமே அதன் பின்னால் நிற்கும்.

நிரலை அப்படி அமைத்தது என் தவறு, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். முகவரி, அதன் நீளம், பெயருக்கு இடம், சேவைக்கு இடம், ஃபிளாக்குகள் என்று இத்தனை கேட்கிற செயற்கூறு, 'எவ்வளவு நேரம் பொறுப்பாய்?' என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? தம்புச் செட்டித் தெருவில் பழைய கதவெண்ணைச் சொல்லிக் கடை எது என்று கேட்டால், தேநீர்க் கடைக்காரர் தெரியும் என்பார், தெரியாது என்பார். கேட்டவரைத் தெருவில் நிறுத்திவிட்டு வாய் திறக்காமல் இருக்க மாட்டார். இந்தச் செயற்கூற்றை விவரிக்கும், 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3493 என்ற இணையத் தர ஆவணத்திலும் அதற்குக் காலவரம்பு கொடுக்க இடம் இல்லை. தனி த்ரெட்டில் ஓட்டலாம், காத்து நிற்காமல் பெயர் தேடும் சி-ஏரஸ் போன்ற நிரல் நூலகத்துக்கு மாறலாம். வழி இருக்கிறது, வழியைத் தேட வேண்டிய நிலை ஏன் என்பதுதான் என் ஆதங்கம்.

எனவே தம்பிக்கு: இதைவிட நல்லது இந்த வேலைக்கு எனக்குத் தெரியாது. ஆனாலும் வாடிக்கையாளர் காத்திருக்கும் இடத்தில் இதைப் பெயர் தேட விடாதீர்கள். என்ஐ_நியூமரிக்ஹோஸ்ட் ஃபிளாக்கைப் போடுங்கள், அது டிஎன்எஸ் பக்கமே போகாது. எண்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, பெயர்களைத் தனி நிரலில் பிறகு தேடுங்கள். வெளியாட்களின் முகவரிக்கு வரும் பெயரை நம்பி யாரையும் உள்ளே விடவும் வேண்டாம். அந்தப் பெயரை எழுதுவது அந்த முகவரியைக் கையில் வைத்திருப்பவர்தான்.

எங்கள் சர்வரிலும் அந்த ஃபிளாக்கைப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவு அம்மா வாசல் திரையின் முன் நின்று, "என் கணினியின் பெயரைக் காணோமே?" என்றார். 192.168.1.23 என்ற வரியைக் காட்டினேன். சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, "பழையபடி எப்போது வரும்?" என்று கேட்டார்.