பி.எஸ்சி. உளவியலா, பி.எஸ்.டபிள்யூ.வா? கவுன்சலிங் வேலைக்கு எது நல்ல தொடக்கம்?

பிளஸ் டூ முடிவு வந்த வாரம், எங்கள் தெருப் பெண் ஒருத்தி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று பி.எஸ்சி. உளவியல், இன்னொன்று பி.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி. "அக்கா, எனக்கு கவுன்சலிங் வேலைதான் வேணும். எதுல சேரட்டும்?" என்றாள். நான் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். அன்று அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக அறை போட்டு ஆலோசனை சொல்ல உட்காரக் கூடாது. முதுகலை வேண்டும். அதற்குப் பிறகும் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் கொஞ்ச காலம் வேலை பார்க்க வேண்டும். அதனால் இந்த மூன்று வருடம் அஸ்திவாரம் போடும் காலம். இரண்டு படிப்பும் போடும் அஸ்திவாரம் வேறு வேறு.

பி.எஸ்சி. உளவியலில் பொது உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல் என்று மனதைப் பற்றிய அறிவு முறையாக வந்து சேரும். பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவர்களும் சேரலாம். கணக்குக்குப் பயந்து இங்கே வருகிறவர்களைப் புள்ளியியல் தாள் திகைக்க வைக்கும். ஆனால் அதைத் தள்ளிவிட்டு இந்த வேலை செய்ய முடியாது. ஒரு அம்மா அழுதுகொண்டே வந்து, "என் பிள்ளைக்கு ஐ.க்யூ. 85-தானாம்" என்று காகிதத்தை நீட்டுவார். அந்தச் சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு, 15. நூறு பேரில் ஏறக்குறைய பதினாறு பேர் 85-க்குக் கீழே இருப்பார்கள், அவர்களில் பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று சாதாரணமாக வாழ்கிறார்கள் என்று அவருக்கு நிதானமாக விளக்க, புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும்.

செய்முறை வகுப்பும் எனக்குப் பிடித்த இடம். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனை ஒன்று உண்டு. கை ஒரு பக்கம் போக நினைத்தால் பென்சில் இன்னொரு பக்கம் போகும். ஒரு கையில் பழகியது மறு கைக்கு எவ்வளவு கடத்தப்படுகிறது என்று பார்ப்பதுதான் பாடத்தின் நோக்கம். எனக்கு அதில் வேறொன்று புரிந்தது. எழுத்துகளைத் திருப்பிப் போடும் ஒரு குழந்தையிடம் "பார்த்துத்தானே எழுதுற?" என்று கேட்டால் அதற்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இந்தப் படிப்பின் குறை, துன்பத்தில் இருக்கும் ஒரு மனிதரின் எதிரில் ஒரு நாள்கூட உட்காராமல் பட்டம் வாங்கிவிட முடியும் என்பது. ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நேர்மை என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் வலியுறுத்தியவற்றை நான் பத்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதியிருக்கிறேன். ஆனால் வேலைக்கு வந்த முதல் வருடம், அப்பாவை இழந்த பத்தாம் வகுப்புப் பையன் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது இரண்டு நிமிட மௌனத்தைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. புத்திமதி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவன் "சரி மிஸ்" என்று எழுந்து போய்விட்டான். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பி.எஸ்.டபிள்யூ.வின் பலம் சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ களப்பணி. முதியோர் இல்லம், மருத்துவமனை, குடிசைப் பகுதி, குழந்தைகள் காப்பகம் என்று அனுப்புவார்கள். பார்த்ததை, பேசியதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அதை வரிவரியாகப் படித்து, "இந்த இடத்தில் ஏன் குறுக்கே பேசினாய்?" என்று கேட்பார். பத்தொன்பது வயதில் கிடைக்கும் இந்தக் கேள்விக்கு விலையே இல்லை. இன்னொன்றும் புரியவரும். "தூக்கம் வரலை" என்று வருகிறவரின் பின்னால் கந்துவட்டி இருக்கலாம், குடிக்கும் கணவர் இருக்கலாம்.

அரசு உத்தரவுகளில் கவுன்சிலரை 'ஆற்றுப்படுத்துநர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆற்றுப்படைப் பாட்டில் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்வான். அந்த வழியில் நடந்து போய் வந்தவன் என்பதால்தான் அவனால் சொல்ல முடிகிறது. களப்பணி அந்த நடையைப் பழக்கிவிடுகிறது.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். உளவியல் என்று கிடைப்பது சில தாள்கள்தான். உளவியல் சோதனைகளில் பயிற்சி அநேகமாக இருக்காது. இளங்கலையிலும் உளவியல் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் எம்.எஸ்சி. படிப்புகளின் கதவு மூடிவிடும். ஆனால் எந்தப் பட்டதாரியையும் எடுத்துக்கொள்ளும் ஆலோசனை உளவியல் முதுகலைகளும் இருக்கின்றன. வீட்டில் பணக் கஷ்டம், பட்டம் முடித்ததும் சம்பாதித்தாக வேண்டும் என்றால், தொண்டு நிறுவன வேலைகள் சமூகப்பணி படித்தவர்களுக்குத்தான் சீக்கிரம் கைகூடும்.

மூன்றாவதாக, இந்திய மறுவாழ்வுக் குழுமம் 2024-25-இல் கொண்டுவந்த நான்கு வருட பி.எஸ்சி. ஹானர்ஸ் மருத்துவ உளவியல். மனநோயைக் கண்டறிவது, சோதனைகள் செய்வது என்று மருத்துவமனைப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. சேரும் முன், கல்லூரிக்குக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள். பள்ளி, குடும்பம், துக்கம் என்று வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கு இது கட்டாயமில்லை.

தொலைநிலைக் கல்வியில் உளவியல் படிக்க இனி வழியில்லை. உளவியல் 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருவதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து அதைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. வீட்டில் இருந்தபடி படிக்க நினைத்த பெண்கள் பலருக்கு இது பெரிய ஏமாற்றம். அதற்காக ஆறு மாத டிப்ளமோ விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

என் கட்சி இதுதான்: முதுகலை வரை படிக்க வைக்க வீட்டில் முடியும் என்றால் பி.எஸ்சி. உளவியல், அதுவும் களப்பணிக்கு அனுப்பும் கல்லூரியில். இல்லையென்றால் பி.எஸ்.டபிள்யூ.வைத் தயங்காமல் எடுக்கலாம். பட்டத்தின் பெயரிலேயே 'ஆலோசனை' இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டாம். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தால் பல இடங்களில் ஓரிரு தாள்கள்தான் மாறியிருக்கும்.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இரண்டு கல்லூரிக்கும் போன் போட்டு, உளவியல், சமூகப்பணி இரண்டு துறையிலும், "பிள்ளைகளைக் களப்பணிக்கு எங்கே அனுப்புவீங்க, கூட யார் வருவாங்க?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். ஒரு உளவியல் துறையில் ஆசிரியரே பேசி, இரண்டாம் வருடத்திலிருந்து சனிக்கிழமை எந்தப் பள்ளி, எந்த மருத்துவமனை என்று பெயர் பெயராகச் சொல்லியிருக்கிறார். அங்கேதான் அவள் பணம் கட்டியிருக்கிறாள்.