வீட்டு வயரிங்: எந்த வயர் எங்கே தாங்கியது

வீடு கட்டுகிறவர்கள் வயர் என்றதும் முதலில் கேட்பது எந்தக் கொம்பனி நல்லது என்றுதான். கெலனியா, ஏசிஎல்லா, சியராவா? எங்கள் வீட்டில் மூன்றும் வேறு வேறு மூலையில் கிடக்கின்றன, எஸ்எல்எஸ் 733 என்ற இலங்கைத் தர முத்திரை உள்ள வயர் எதிலும் இதுவரை எனக்குக் குறை தெரியவில்லை. பழுதானது எல்லாம் தடிப்புக் குறைந்த வயர், அல்லது ஓடக் கூடாத இடத்தில் ஓடிய வயர். அதனால் கொம்பனிக் கதையை இத்தோடு விட்டுவிட்டு இடத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

வீடு யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் பக்கம். முன்பகுதி பழைய கல்வீடு, பின்பகுதி 2014இல் சேர்த்துக் கட்டியது. அதற்கு முந்தின வருடந்தான் பக்கத்துச் சுன்னாகத்துக்குத் தேசிய மின்தொடர் வந்து சேர்ந்திருந்தது, ஊரில் பாதிப் பேர் அப்போது வயரிங் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

முன்பகுதியில் இருந்தது ரப்பர் உறை போட்ட பழைய வயர், மரச் சட்டத்தில் கிளிப் அடித்தது. 1990இல் போரோடு கறண்ட் போன பிறகு பல வருடம் சும்மா கிடந்த வயர் அது. வேலை செய்யாத வயர் பழுதாகாது என்று நினைப்பவர்கள் அதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். ரப்பருக்குச் சூடும் காற்றும் பட்டாலே போதும், காய்ந்து விடும். சுவிச்சைக் கழற்றி வயரைச் சற்று வளைத்தால் உறை பிஸ்கட் தூள் மாதிரிக் கொட்டுகிறது, உள்ளே வெறும் கம்பி. உங்கள் வீட்டில் இன்னும் அந்த வயர் இருந்தால் ஒரு லைன் இரண்டு லைன் மாற்றி ஒப்பேற்ற வேண்டாம், முழுவதையும் கழற்றுங்கள்.

அளவுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய வயர்மன்மார் இன்னும் 3/029, 7/029 என்றுதான் எழுதித் தருவார்கள். அது அங்குலக் கணக்கு: 0.029 அங்குலக் கம்பி ஏழு. கடையில் அதற்குப் பதிலாகத் தருவது 7/0.67, அதாவது 0.67 மில்லிமீற்றர்க் கம்பி ஏழு, மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர். பழைய 7/029 கிட்டத்தட்ட 3 சதுர மில்லிமீற்றர் வரும். ஆகவே இரண்டும் ஒன்றில்லை, புதியது கொஞ்சம் மெலிவு. பிளக் லைனுக்கு அது போதும், ஆனால் பழைய கணக்கில் இழுத்துப் பிடித்துப் போட்ட இடத்துக்கு அப்படியே மாற்றீடு செய்ய முடியாது. லைற்றுக்கும் ஃபானுக்கும் 1/1.13, அது 1 சதுர மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பி. அதில் எங்களுக்கு இதுவரை ஒரு தொல்லையும் இல்லை, எல்இடி பல்ப் எடுக்கும் கறண்டுக்கு அது தாராளம்.

உண்மையில் பாடம் எடுத்தது கிணற்று மோட்டர். மெயினிலிருந்து கிணறு 40 மீற்றர் வரும். முதலில் வயரிங் செய்தவர் அதற்கும் 1/1.13 இழுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6 அம்பியர் அளவில்தான் எடுக்கும், அது மட்டும் என்றால் 10 வோல்ட் வயரிலேயே போகும், சமாளிக்கலாம். தொடங்கும் நொடியில் எடுப்பது ஐந்து மடங்கு. அப்போது 50 வோல்டுக்குக் கிட்ட வயரிலேயே போய்விடுகிறது, 230இல் மோட்டருக்குப் போய்ச் சேருவது 180. பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு ஊரில் எல்லாரும் போட்டு லைன் வோல்ட் குறைந்திருந்தால் இன்னும் மோசம், மோட்டர் ம்ம்ம் என்று நின்றபடி சூடாகும். மோட்டரைத் தொடக்கிவிடும் கப்பாசிற்றரை மாற்றினோம், அடுத்த வருடம் மறுபடி மாற்றினோம், கடைசியில் உள்ளே சுற்றியிருக்கும் வைண்டிங்கும் போனது. ஒவ்வொரு முறையும் வந்தவர் மோட்டரைத்தான் குறை சொன்னார். 7/0.85 (4 சதுர மில்லிமீற்றர்) போட்டால் அதே தூரத்தில் தொடங்கும்போது இழப்பு 13 வோல்ட் அளவு, ஓடும்போது 3 வோல்ட்கூட இல்லை. மாற்றிய பிறகு அந்த மோட்டர் தொடங்கும் சத்தமே வேறு. வயர் சுடவில்லையே, ஏன் தடிப்பு வேண்டும் என்று கேட்பார்கள். சுடாமலே வோல்டைத் தின்னும், நீளம் கூடக் கூட அதுதான் பிரச்சினை.

கிணற்றுக்கு வயரை எப்படிக் கொண்டு போவது என்பது அடுத்தது. சாதாரண இரட்டை உறை வயரை வேலியோடு கட்டி விட்டிருந்தோம். வெயிலில் மேல் உறை வெளிறி, வெடித்து, தண்ணீர் உள்ளே போனது. அணிலும் தன் பங்குக்குக் கடித்தது. இப்போது ஆமர்ட் கேபிள் புதைத்திருக்கிறோம், உருக்குக் கம்பி சுற்றியது, உள்ளே எக்ஸ்எல்பிஈ என்ற பிளாஸ்ரிக் உறை. விலை அதிகம். வளைக்கக் கஷ்டம், முனையை இறுக்கிப் பிடிக்கப் பித்தளைக் கிளாண்ட் வேண்டும், அந்த உருக்குச் சுற்றையும் எர்த்தில் சேர்க்க வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை. எங்கள் பக்கம் செம்மண் கொஞ்ச ஆழந்தான், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல், அலவாங்கு போட்டாலும் இறங்காது. முடிந்த ஆழத்துக்குக் கிண்டி மணல் போட்டு, மேலே செங்கல் அடுக்கி மூடினோம். பிறகு மரவள்ளிக்குக் கொத்தினவருடைய மண்வெட்டி ஒருமுறை அந்தக் கல்லில் பட்டது, கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்குள் தனி வயரைப் பைப்பில் இழுப்பதா, தட்டை இரட்டை வயரைப் பூச்சுக்குள் புதைப்பதா? கட்டும்போது பின்னது மலிவு, மேசனுக்கும் வேலை குறைவு. குசினியில் பிறகு மின்சாரக் கேத்தலும் ஓவனும் வந்தபோது தனி வயர் போட்ட பக்கத்தில் பழையதோடு புதியதைக் கட்டி இழுத்தோம், ஒரு முற்பகலில் முடிந்தது. பூச்சுக்குள் புதைத்த அறையில் சுவரைக் கொத்த வேண்டியதாகிவிட்டது. ஒற்றை உறை வயர் பைப்புக்குள் மட்டுந்தான், வெளியே கிளிப் அடிப்பதென்றால் இரட்டை உறை வேண்டும். இதில் கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம், வெட்டிப் பார்த்தால் இரண்டு தோல் தெரியும்.

பிளெக்ஸிபிள் வயரைச் சுவர் வயரிங்குக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வளைக்கச் சுகம் என்று. மயிர்க் கம்பிகள் திருகாணிக்குள் நசுங்கி ஒவ்வொன்றாக அறும், மீதிக் கம்பிகள் சுடும். மேசை ஃபானுக்கும் அயனுக்கும் அது சரி.

ஏசி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது கூரை. ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் சித்திரை வெயிலில் கை வைக்க முடியாது. சாதாரண பிவிசி வயரின் எல்லை 70 பாகை, அட்டவணையில் போட்டிருக்கும் அம்பியர் 30 பாகைச் சூழலுக்கு உரியது. சுற்றியுள்ள வெப்பம் 50 பாகை என்றால் அந்த வயர் தாங்குவது ஏறத்தாழ 70 வீதந்தான். ஆகவே ஏசி லைனை நான் 7/0.85இல் தனியாக எடுத்தேன், சிலர் வீண்செலவு என்றார்கள், சொல்லட்டும்.

செம்பு பூசிய அலுமினிய வயர் சந்தையில் இருக்கிறது. வயர்க் கொயிலைத் தூக்கினாலே இலேசாக இருக்கும். கத்தியால் கம்பியைச் சுரண்டினால் மேலே செம்பு, உள்ளே வெள்ளை. பழைய ரப்பர் வயரில் இதற்கு நேர் எதிர்: மேலே வெள்ளீயப் பூச்சு வெள்ளை, உள்ளே நல்ல செம்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உறவுக்காரர் ஒருவரின் கடையறை பிளக் பேஸ் உருகியது இந்த அலுமினிய வயரால்தான், அதுவும் பருத்தித்துறைக் கடற்கரைப் பக்கம், உப்புக் காற்றில் திருகாணி முனை வெள்ளைத் தூளாகப் பூத்திருந்தது.

நிறமும் கவனம். பழைய பகுதியில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸ், அதாவது மூன்று லைன், எடுத்த வீடுகளில் இது ஆபத்தான குழப்பம், ஏனென்றால் பழைய முறையில் நீலம் ஒரு ஃபேஸ், புதிய முறையில் கறுப்பு ஒரு ஃபேஸ். பழையதும் புதியதும் சேரும் பெட்டிக்குள் நான் ஒட்டுநாடா சுற்றி எழுதி வைத்திருக்கிறேன், ரெஸ்ரர் வைக்காமல் எந்த நிறத்தையும் நம்புவதில்லை.

பச்சை மஞ்சள் எர்த் வயரில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். இங்கே எர்த் வீட்டுக்காரருடைய சொந்தக் கம்பி, மின்சாரம் தருகிறவர்கள் அதைத் தருவதில்லை. கல்நிலத்தில் அந்தக் கம்பி முழுக்க இறங்காது, கோடையில் மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகும். ஆகவே கறண்ட் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாமல் எந்த வயரும் போதாது. அதன் ரெஸ்ற் பட்டனை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள், எங்கள் பழையது ஒருநாள் விழவே இல்லை, மாற்றினோம்.

இனிப் படலை லைற்றுக்கும் கமராவுக்கும் லைன் இழுக்க வேண்டும். அதற்கும் ஆமர்ட்தான், ஆனால் 1.5 சதுர மில்லிமீற்றர் மூன்று கோர் போதும் என்று நினைக்கிறேன், அங்கே மோட்டர் இல்லை.