மலாஸன்: பத்து தடிப் புத்தகங்களோடு ஒரு குடித்தனம்

ஸ்டீவன் எரிக்ஸன் எழுதிய ஆங்கில மிகுபுனைவு நாவல் வரிசையான மலாஸன் தொடரைப் பாதியில் விட்டவர்களிடம் எங்கே விட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு இடங்களைத்தான் சொல்வார்கள். ஒன்று, முதல் புத்தகமான 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' நாவலின் முதல் 200 பக்கம். இன்னொன்று, ஐந்தாம் புத்தகமான 'மிட்நைட் டைட்ஸ்' தொடங்கும் இடம். முதலாவதில் நடப்பது எதுவும் பிடிபடாது. இரண்டாவதில், நாலு புத்தகமாகப் பழகிய ஆட்களில் அநேகமாக ஒருவரையும் காணோம். கண்டம் வேறு, காலமும் கொஞ்சம் முந்தியது. இந்த இரண்டு பள்ளங்களையும் தாண்டினால் மிச்சம் அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு அலமாரியில் வைப்பதாக இருந்தால் இந்தத் தொடருக்கு இறங்கவே வேண்டாம் என்பேன். இதன் அசல் சரக்கு இரண்டாம் வாசிப்பில்தான் இருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஸ்டீவன் எரிக்ஸன் 1999 முதல் 2011 வரை எழுதிய பத்து நாவல்கள், மொத்தம் சுமார் 33 லட்சம் சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 275 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் தவறாமல் படித்தால் ஒன்பது மாதம். தவறும், ஒரு வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எரிக்ஸன் கனடாக்காரர், தொல்லியலும் மானுடவியலும் படித்து அகழாய்வுக் குழிகளில் வேலை பார்த்தவர். இந்த உலகத்தை அவரும் நண்பர் இயன் எஸ்ஸில்மாண்டும் சேர்ந்து 1980களில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விளையாட்டுக்காக உருவாக்கினார்கள். நாவல் எழுதும்போது பேரரசு, போர், கடவுள்களின் பகை எல்லாம் ஏற்கெனவே ஆடித் தீர்த்த சங்கதிகள். அதனால்தான் கதை நடுவில் தொடங்குகிறது. குழியில் ஒரு ஓட்டுச்சில்லு கிடைக்கிறது. அது எந்தப் பானையின் வாய், அந்தப் பானையில் யார் சமைத்தார்கள் என்பது நாலு அடுக்கு கீழே போனபிறகுதான் தெரியும். எரிக்ஸனின் கதை சொல்லும் முறை அச்சு அசல் இதுதான்.

முதல் புத்தகத்தின் முன்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மலாஸ் நகரத்துக் கோட்டைச் சுவரில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். தலைக்கு மேலே துருப்பிடித்த காற்றுக்காட்டி. கீழே ஏழைகள் குடியிருக்கும் பகுதியிலிருந்து புகை எழும்புகிறது. பக்கத்தில் ஒரு படைத்தளபதி. பிறகு ஒரு பெண் வருகிறாள். தளபதி அவளை ஒரு பெயரில் கூப்பிட, இனிமேல் தன் பெயர் வேறு என்று திருத்துகிறாள். முதல் தடவை படிக்கும்போது இது வெறும் சூழல் வர்ணனை, பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இரண்டாம் தடவை, அந்தப் பெயர் மாற்றம்தான் ஆட்சிக் கவிழ்ப்பு என்று தெரியும். பையனுக்கும் தளபதிக்கும் என்ன ஆகப்போகிறது என்பதும் தெரியும். சில பக்கங்களில் அடங்கிவிடும் காட்சி, மூன்றாம் புத்தகத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு வந்தால் தொண்டையை அடைக்கும். அடுத்து வரும் முதல் அத்தியாயத்தில் சாலையோரம் நின்று பேசும் இரண்டு பேர் யார் என்பதும் இப்படித்தான். அதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுக்கப்போவதில்லை.

நமக்கு மகாபாரதத்தில் இந்தச் சிக்கல் வருவதில்லை. தெருக்கூத்தில் பாதி ராத்திரிக்குப் போய் உட்கார்ந்தாலும் துகிலுரிவது யார், அழுவது யார் என்று தெரியும். சின்ன வயதிலேயே பாட்டி சொல்லி வைத்திருப்பாள். மலாஸனுக்கு அப்படிச் சொல்லி வைக்க ஆள் இல்லை. முதல் வாசிப்புதான் அந்தப் பாட்டி வேலையைச் செய்கிறது.

அதனால் முதல் வாசிப்பில் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். குறிப்பேடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி எழுதத் தொடங்குபவர்கள் சீக்கிரமே களைத்துப்போகிறார்கள். ஆள்வாரியாக எழுதாமல் இடவாரியாக எழுதினால் ஓரளவு உதவும்: இந்த ஊரில் இப்போது யார் யார், யாரோடு சேர்ந்து வந்தார்கள், என்ன வேண்டுமாம். மூன்றே பத்தி போதும். ஒவ்வொரு புத்தகத்தின் முன்னாலும் பாத்திரப் பட்டியல் உண்டு, பல புத்தகங்களில் பின்னால் சொல்லகராதியும் உண்டு. மின்னூலில் படித்தால் இரண்டிலும் முதல் வேலையாகப் புத்தகக்குறி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தேடிப் போவதற்குள் படித்த வரி மறந்துவிடும்.

சந்தேகம் வந்ததும் பெயரைக் கூகுளில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ரசிகர்களின் விக்கியில் பல பாத்திரங்களுக்கு முதல் பத்தியிலேயே குட்டு உடைந்துவிடும். முழுப்பெயரைத் தட்டி முடிப்பதற்குள் தேடல் பெட்டியே அவர் செத்த கதையை நீட்டிவிடுவதும் உண்டு.

மந்திரத்துக்கும் இதே பொறுமை வேண்டும். 'வாரன்' என்ற சொல் முதல் புத்தகத்தில் விளக்கமில்லாமலே புழங்கும். மந்திரசக்தி வரும் வழி அது, அதேசமயம் உள்ளே நடந்துபோகக்கூடிய இன்னோர் உலகம் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். டெனுல் என்ற வாரன் வைத்தியத்துக்கானது. மற்றவை போகப்போகப் பழகிவிடும். விதிமுறைக் கையேடு போல மந்திரம் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் வாசகருக்கு இந்தத் தொடர் கடைசிவரை எரிச்சலாகத்தான் இருக்கும்.

இரண்டாம் புத்தகமான 'டெட்ஹவுஸ் கேட்ஸ்' வேறு கண்டத்துக்குத் தாவும். தொடரின் பிடி இங்கேதான் விழுகிறது. கிளர்ச்சி வெடித்த நாட்டில் கோல்டேன் என்ற தளபதி ஹிஸ்ஸார் நகரத்திலிருந்து ஏரன் நகரம்வரை அகதிகளைக் காவல்காத்துக் கூட்டிப்போகிறார். வழி நெடுக வறட்சி, ஆற்றைக் கடக்கும் இடமெல்லாம் பதுங்கித் தாக்கும் எதிரி, கூடவே வண்டி நிறையச் சாமானோடு முணுமுணுக்கும் மேட்டுக்குடிக்காரர்கள். இதை டியூக்கர் என்ற வயதான வரலாற்றாசிரியர் கண்ணால் பார்க்கிறோம். அந்தக் கூட்டத்தில் பென்ட் என்று ஒரு மாட்டுமந்தை நாய், ரோச் என்று மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டை நாய். இந்த இரண்டும் பின்னால் வேறு புத்தகத்தில் ஒரு படையோடு சாதாரணமாக ஓடிவரும்போது, 'நீ அங்கே இருந்தவனாச்சே' என்று வாசகருக்கு மட்டும் பதறும். நாயின் வரலாற்றைக்கூட ஆசிரியர் மறப்பதில்லை.

மூன்றாவது, இரண்டாவது நடக்கும் அதே காலத்தில் பழைய கண்டத்தில் நடக்கிறது. நாலாவதன் முதல் பகுதி முழுக்க கார்ஸா என்ற ஒரே முரட்டு ஆசாமியின் கதை. அருவருப்பாக இருந்தாலும் தாண்டிப்போய்விடாதீர்கள், பின்னால் கணக்குத் தீர்க்கப்படும்.

ஐந்தாவதில் வரும் லெதர் நாடு கடனால் ஆன நாடு. குற்றவாளிக்கு விதித்த அபராதத்தை நாணயமாக மூட்டை கட்டி முதுகில் ஏற்றிக் கால்வாயில் இறக்குவார்கள். நீந்திக் கரையேறினால் விடுதலை. வேடிக்கை பார்க்கும் கூட்டம் பந்தயம் கட்டும். அதே ஊரில் டெஹோல் பெடிக்ட் மொட்டைமாடியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தபடியே நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறான். அவனும் வேலைக்காரன் பக்கும் பேசும் பேச்சு, பத்துப் புத்தகத்திலும் சிரிப்புக்குக் குறைவில்லாத பகுதி. பழைய ஆட்கள் இல்லையே என்று இதைத் தள்ளிவிட்டு ஆறாவதுக்குப் போனவர்கள் ஏழாவதில் திண்டாடுவார்கள், ஏனென்றால் எல்லா வழியும் லெதரில் வந்து சேருகிறது.

ஆறாவதிலிருந்து சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். படைப்பிரிவு எண்வாரியாக இருக்கிறது. பட்டப்பெயர்கள் பலவும் சாதாரணச் சொற்கள்தான். ஃபிட்லர் என்ற சிப்பாயின் நாலாம் அணியை மட்டும் மனதில் நிறுத்தினால் மற்ற அணிகள் அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கணக்கு பல இடங்களில் உதைக்கிறது. வயதுகளைக் கூட்டிப் பார்த்தால் சரிவராது, பார்க்காமலிருப்பதே நல்லது. முதல் புத்தகம் அச்சாவதற்குப் பல வருஷம் முன்பே எழுதப்பட்டது, நடை தட்டையாக இருப்பது தெரியும். பிற்பகுதியில் படித்தவன் படிக்காதவன் எல்லோரும் ஒரே குரலில் தத்துவம் பேசுவார்கள். எட்டாவது, 'டோல் தி ஹவுண்ட்ஸ்', ரொம்ப நிதானம். குரூப்பே என்ற பாத்திரத்தின் வாயால் சொல்லப்படுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் சகிக்கலாம். பாலியல் வன்முறையும் சித்திரவதையும் பல இடங்களில் நேரடியாகவே வரும், ஒன்பதாவதில் ஒரு பகுதி மிகவும் கொடுமையானது. அப்படிப்பட்ட காட்சிகள் ஆகாதவர்கள் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஒலிநூலில் முதல் மூன்றையும் ரால்ஃப் லிஸ்டர் வாசிக்கிறார், நாலாவதிலிருந்து மைக்கேல் பேஜ். பெயர்களின் உச்சரிப்பு அங்கே மாறும், ஒரு வாரம் காது முரண்டு பிடிக்கும். முதல் வாசிப்பை ஒலிநூலில் தொடங்காதீர்கள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே ஒரு வெற்று வரிதான் இடைவெளி. காதில் அது விழாது, யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதே தெரியாமல் ரெண்டு பக்கம் போய்விடும். மறுவாசிப்புக்கு ஒலிநூல் அருமை.

இதே உலகத்தில் நடக்கும் எஸ்ஸில்மாண்டின் நாவல்களை, எரிக்ஸனின் பத்தையும் முடித்தபிறகு படித்தால் போதும். இடையில் செருகியே தீரவேண்டும் என்றால் 'ரிட்டர்ன் ஆஃப் தி கிரிம்ஸன் கார்ட்' மட்டும் எட்டாவதற்கு முன்னால். எரிக்ஸனின் 'ஃபோர்ஜ் ஆஃப் டார்க்னஸ்' காலத்தால் முந்திய கதை என்று நம்பி அங்கிருந்து தொடங்கிவிடாதீர்கள்.

ஒன்பதாவதும் பத்தாவதும் உண்மையில் ஒரே நாவலை இரண்டாக வெட்டியது. ஒன்பதாவதன் முகப்பில் ஆசிரியரே அதைச் சொல்லியிருக்கிறார். முடிவு சண்டையின் நடுவில் அறுபடும். பத்தாவது கையில் இல்லாமல் ஒன்பதாவதைத் தொடவேண்டாம். அப்படியே முதல் புத்தகத்தையும் யாருக்கும் இரவல் கொடுத்துவிடாதீர்கள். பத்தாவது முடிந்த ராத்திரியே அந்தக் கோட்டைச் சுவர் காட்சியைத் தேட வேண்டியிருக்கும்.