ரோட்டாடெக் தடுப்பு மருந்தின் தகவல் தாள்: பாதுகாப்புப் பகுதி குறித்து ஒரு மதிப்பீடு

ரோட்டா வைரஸ் கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடியது. அதைத் தடுப்பதற்காக அமெரிக்காவில் 2006-இல் அனுமதி பெற்ற சொட்டு மருந்து, மெர்க் நிறுவனத்தின் ரோட்டாடெக். அந்த மருந்துடன் வரும், பொடி எழுத்தில் அச்சிட்ட தகவல் தாளையே இங்கே மதிப்பிடுகிறேன். தடுப்பூசி பற்றிய வாக்குவாதங்களில் இத்தகைய தாள்களிலிருந்து ஓரிரு வரிகளை மட்டும் பிய்த்தெடுத்துக் காட்டுவது வழக்கமாகிவிட்ட நிலையில், தாளை முழுமையாகப் படிக்கும் ஒரு பெற்றோர் பாதுகாப்புச் சோதனை பற்றி உண்மையில் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று பார்க்க விரும்பினேன்.

இந்தத் தாளை ஊன்றிப் படிப்பதற்கு உகந்த இடம், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் குடல் செருகல் என்னும் அபாயத்தைப் பற்றிய பகுதி. இதற்கு முன் வந்த ரோட்டாஷீல்டு என்னும் மருந்து 1998-இல் அனுமதி பெற்று, இந்தச் சிக்கலை ஏற்படுத்தியது தெரியவந்ததால் 1999-இலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, ரோட்டாடெக்கை ஏறத்தாழ 70,000 குழந்தைகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலிச் சொட்டு.

முடிவு அட்டவணையாகவே தரப்பட்டுள்ளது. ஏதேனும் ஒரு தவணைக்குப் பிந்தைய 42 நாட்களுக்குள் உறுதிசெய்யப்பட்ட குடல் செருகல், மருந்து பெற்றோரில் 6 பேருக்கும் போலிச் சொட்டு பெற்றோரில் 5 பேருக்கும் ஏற்பட்டது. ஓராண்டு வரை கணக்கிட்டால் 13, 15. முதல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், சோதனையின் வடிவமைப்பை ஒட்டிக் கணக்கிட்ட ஒப்பீட்டு அபாயம் (போலிச் சொட்டு பெற்றோரைப் போல் மருந்து பெற்றோருக்கு அபாயம் எத்தனை மடங்கு என்பது) 1.6 என்றும், அதன் நம்பக எல்லை, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, 0.4 முதல் 6.4 வரை என்றும் போட்டிருக்கிறார்கள். படிப்பவர் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் இது. அபாயம் பாதிக்கும் கீழாகக் குறைந்திருக்கவும் கூடும், ஆறு மடங்குக்கு மேல் கூடியிருக்கவும் கூடும், இந்தச் சோதனையால் அதைத் தீர்மானிக்க இயலவில்லை என்பதே இந்த எண்களின் பொருள். எழுபதாயிரம் குழந்தைகள் பங்கேற்றும், மிக அரிதான ஒரு விளைவைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடிந்திருக்கிறது.

விடை பின்னால் வந்தது. மருந்து புழக்கத்துக்கு வந்தபின் அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முதல் தவணைகளை ஆராய்ந்தபோது, முதல் தவணைக்குப் பிந்தைய 21 நாட்களில், 1 லட்சம் குழந்தைகளுக்குச் சுமார் 1 முதல் 1.5 வரை கூடுதலாகக் குடல் செருகல் ஏற்படுவது புலப்பட்டது. தாள் இதை மறைக்கவில்லை. எச்சரிக்கைப் பகுதியிலேயே சொல்கிறது. தடுப்பு மருந்தைச் சாராமலே அங்கு முதல் வயதுக்குள் 1 லட்சத்தில் சுமார் 34 குழந்தைகள் இதே சிக்கலுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள் என்ற மதிப்பீட்டையும் தருகிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அபாயத்தின் அளவு விளங்கும். இந்தப் பகுதிக்காகவே தாளை நான் மனமாரப் பாராட்டுவேன்.

6.2-ஆம் பகுதி அப்படியல்ல. விற்பனைக்கு வந்தபின் தாமாக முன்வந்து அனுப்பப்பட்ட புகார்களில் இடம்பெற்ற ஒவ்வாமை அதிர்ச்சி, கவாசாகி நோய் (குழந்தைகளின் இரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய்), மலத்தில் இரத்தம் முதலியவை அங்கே வரிசையாக வருகின்றன. எத்தனை பேரிடமிருந்து வந்தவை என்பது நிச்சயமில்லாததால் நிகழும் வீதத்தையோ, மருந்துதான் காரணம் என்பதையோ எப்போதும் நம்பகமாகச் சொல்ல முடியாது என்ற ஒரு வாக்கியம் பட்டியலுக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகிறவர், பட்டியலிலுள்ள அனைத்தையும் மருந்தின் விளைவு என்றே எடுத்துக்கொள்வார். குடல் செருகலும் இதே பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வு நிற்கிறது என்பதை அறிய எச்சரிக்கைப் பகுதிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இத்தனை எடை வேறுபாடுள்ள செய்திகளை ஒரே வரிசையில் நிறுத்தியது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

சோதனைக் காலத்தில் நிகழ்ந்த இறப்புகளையும் தாள் சொல்கிறது: மருந்து பெற்றோரில் 25, போலிச் சொட்டு பெற்றோரில் 27. முதல் எண்ணை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்பினால் எந்தத் தாயும் நடுங்கத்தான் செய்வாள். பல்லாயிரம் கைக்குழந்தைகளை மாதக்கணக்கில் கவனிக்கும்போது, காரணம் தெரியாத திடீர் மரணம் உள்ளிட்ட இழப்புகள் இரு பக்கமும் நேர்வது துயரமான உண்மை. அதை அறியத்தான் ஒப்பீட்டுக் குழு இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் தன்மை மதிப்பிடப்படவில்லை என்னும் 13.1-ஆம் பகுதி வரியும் அடிக்கடி மேற்கோளாகிறது. ஏறக்குறைய எல்லாத் தடுப்பூசித் தாள்களிலும் காணப்படும் வரி இது. சில தவணைகளே கொடுக்கப்படும் மருந்துக்கு, அந்தத் தன்மையை அறியும் விலங்குச் சோதனை பொதுவாகக் கோரப்படுவதில்லை என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் எவ்வளவோ குழப்பம் தீர்ந்திருக்கும்.

இந்தியாவில் அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்ற ரோட்டாவாக், ரோட்டா வைரஸுக்கு எதிரான வேறு மருந்து. தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. லட்சத்தில் ஒன்றாக நிகழும் விளைவு அந்த அளவில் தென்படாது என்பதால், அதன் தகவல் தாளைப் படிப்பவரும் சோதனை எண்களோடு நின்றுவிடாமல், புழக்கத்துக்குப் பிந்தைய கண்காணிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

ரோட்டாடெக் தாளைப் படிக்க எண்ணுபவர்கள் அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் தளத்தில் உள்ள பிரதியை எடுத்து, திருத்திய மாதத்தைச் சரிபார்த்துவிட்டு, 5, 6, 14 ஆகிய பகுதிகளைச் சேர்த்தே படிக்கப் பரிந்துரைக்கிறேன். மருத்துவருக்கு எழுதிய தாள் என்ற வகையில் இது நேர்மையானது, நிறைவானது. பெற்றோருக்கான எளிய பக்கம் மட்டும் கடைசியில் கிடக்கிறது: வாந்தி, கடும் வயிற்று வலி, மலத்தில் இரத்தம் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைக்கோ செல்லும்படி சொல்லும் அந்தப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.