தர்மபுரி வழியா, ஓசூர் வழியா?

ஊர் செழிக்க, பிறப்பு குறைந்த தர்மபுரியின் வழி நல்லதா, வெளியூர் ஆட்கள் வந்து பெருகிய ஓசூரின் வழி நல்லதா என்பதுதான் கேள்வி. பிள்ளை குறைந்தால் ஊர் தானாகச் செழிக்கும் என்பதை நான் நம்பவில்லை. தர்மபுரியில் குடும்பம் சின்னதாகிவிட்டது, ஆனால் பெண் சிசுக்கொலை நடந்து, வேண்டாத பெண் சிசுவை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டம் இது. போர்வெல் தண்ணீரில் இருந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடுக்குத் தீர்வு ஒகேனக்கல் குடிநீர்தான், குறைந்த பிறப்பு இல்லை, இளைஞர்களும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும்தான் போகிறார்கள். ஓசூர் நேர்மாறு. அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, வெளியூர் ஆட்கள் வந்தார்கள், வேலையும் வியாபாரமும் பெருகின, அப்புறம் வாடகை ஏறியது, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது (அதில் பெங்களூருக் கழிவுக்குப் பெரிய பங்கு). சிங்கப்பூரைப் பாருங்கள்: 1970களில் இரண்டு பிள்ளையோடு நிறுத்தச் சொல்லி, 1987இல் வசதியிருந்தால் மூன்று பெறச் சொன்னார்கள், பிறப்பு மீளவில்லை, வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பித்தான் ஓடுகிறது. சரி, என் ஓட்டு ஓசூர் வழிக்கே, ஆனால் கழிவுநீருக்கு வழி செய்தபிறகே அடுத்த ஆலைக்கு அனுமதி தரவேண்டும்.